கொப்பரை எண்ணெய் கறுத்துவிட்டது, வெளுப்பு மண் போட்டு எடுக்கலாமா?

பெர்ஜுந்தை_செக்கு:

எல்லாருக்கும் வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தை டவுனுக்குப் பின்னால் நானும் மச்சானும் சின்னதாக ஒரு மின்செக்கு ஓட்டுகிறோம். (பெஸ்தாரி ஜெயா என்று போர்டு மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது, வாய்க்கு வருவது பழைய பெயர்தான்.) சபாக் பெர்ணம் பக்கமிருந்து கொப்பரை வருகிறது. தலைக்குத் தேய்க்க, சாமி விளக்குக்கு என்றுதான் அதிகம் விற்கும். சில வீட்டில் சமையலுக்கும் வாங்குகிறார்கள்.

இந்த மழையில் வந்த சரக்கு வெயிலில் காயவில்லை, புகையில் காய்ந்தது. ஆட்டினால் எண்ணெய் கோப்பி ஓ நிறத்தில் இறங்குகிறது, புகை வாடை வேறு. துணியில் வடித்தேன், தெளியவிட்டுப் பார்த்தேன், நிறம் அப்படியேதான் நிற்கிறது. கிள்ளான் பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்யும் உறவுக்காரப் பையன் ஒருவன், 'பிளீச்சிங் எர்த் ரெண்டு மூட்டை இருக்கு, கூடவே வெள்ளை ஃபில்டர் பவுடரும் தரேன், சூடான எண்ணெயில் கலக்கி வடிச்சா பளிச்சுன்னு ஆயிடும்' என்கிறான். போடலாமா? எவ்வளவு போட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவு_ஷிப்ட்:

அண்ணே, நான் செம்பனை எண்ணெய் ரிஃபைனரியில் பிளீச்சிங் பிளாண்டில்தான் இருக்கிறேன். அந்தப் பையன் சொல்வது பாதி உண்மை. நிறம் இறங்கும். 'பளிச்' ஆகாது.

எங்களிடம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மில்லிலிருந்து வரும் கச்சா எண்ணெய் ரத்தச் சிவப்பு. முதலில் சூடாக்கிக் கொஞ்சம் பாஸ்போரிக் அமிலம் விடுவோம், எண்ணெயில் இருக்கும் பிசின் அதில் பிரிந்துவிடும். அடுத்தது மண். எண்ணெயின் எடையில் நூற்றுக்கு அரையிலிருந்து இரண்டு பங்கு வரை, அன்றைய எண்ணெயின் தரத்தைப் பார்த்துப் போடுவோம். சூடு 95 முதல் 110 டிகிரி, நேரம் அரை மணி. முக்கியமான விஷயம், இது எல்லாமே காற்று உறிஞ்சப்பட்ட தொட்டிக்குள் நடக்கிறது. அத்தனை சூட்டில் மண்ணும் எண்ணெயும் கலந்து கிடக்கும்போது காற்றும் சேர்ந்தால் எண்ணெய் அங்கேயே கெட ஆரம்பித்துவிடும்.

பிறகு வடிகட்டி. நின்றவாக்கில் ஒரு பெரிய தொட்டி, உள்ளே கம்பி வலைத் தகடுகள் வரிசையாகத் தொங்கும். முதலில் வரும் எண்ணெய் கலங்கலாகத்தான் இருக்கும், அதை வெளியே விடாமல் திருப்பித் திருப்பி உள்ளேயே சுற்ற விடுவோம். தகட்டின் மேல் மண் ஒரு விரற்கடை அளவு படிந்த பிறகு, கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் கலங்கல் சட்டென்று நின்று பொன் நிறமாக ஓடும். அந்தப் படிவுதான் உண்மையான வடிகட்டி, வலை வெறும் தாங்கி. உங்கள் வெள்ளை பவுடரும் அந்த வேலைக்குத்தான். அந்தப் பவுடரால் நிறம் குறையாது.

இவ்வளவும் முடிந்து வரும் எண்ணெயை நக்கிப் பார்த்தால் மண் வாடை அடிக்கும். அதற்கு மேல் 240 - 260 டிகிரியில் நீராவி விட்டு வாடையை எடுக்கிறோம். வாயில் வைக்கிற மாதிரி ஆவது அப்புறம்தான். உங்களிடம் இந்தக் கடைசிப் படி கிடையாதே?

பெர்ஜுந்தை_செக்கு:

கிடையாது தம்பி. ஒரு பெரிய அலுமினியச் சட்டி, கேஸ் அடுப்பு, அவ்வளவுதான்.

சுங்கை_பூலோ_வியாபாரி:

இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த மண்ணைப் போட்டுத்தான் தலை எண்ணெய் விற்கிறார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம்ம பெண்கள் முகத்தில் பூசுகிற முல்தானி மட்டியும் இந்த ஜாதி மண்தானே. முகத்துக்கு ஆகும், எண்ணெய்க்கு ஆகாதா?

லேப்_அக்கா:

வியாபாரி அண்ணே, முல்தானி மட்டி இந்த ஜாதி மண் என்பது சரிதான். ஆனால் ஆலைக்கு வரும் மூட்டையில் இருப்பது வெட்டி எடுத்தபடியே காய்ந்த மண் இல்லை. பென்டனைட் என்ற களிமண்ணைக் கந்தக அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ வேக வைத்துக் கழுவிக் காய வைத்தது. அமிலம் மண்ணின் அடுக்குகளுக்குள் புகுந்து அங்கிருக்கும் அலுமினியம், இரும்பு, மக்னீசியம் எல்லாவற்றையும் கரைத்து இழுத்துவிடும். மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான ஒரு கூடு. ஒரு கிராம் மண்ணின் உள்பரப்பைப் பிரித்து விரித்தால் 200, 300 சதுர மீட்டர் வரும். நிறமிகள் போய் ஒட்டிக்கொள்வது அந்தப் பரப்பில்தான். அமிலம் போடாத இயற்கை மண்ணும் விற்கிறார்கள், அதற்கு இழுவை குறைவு.

கழுவினாலும் இந்த மண்ணில் அமிலக் குணம் போகாது. அது சும்மா இருக்கிற பொடி இல்லை, வேலை செய்கிற பொடி. 1930களில் யூஜின் ஹூத்ரி என்ற பிரெஞ்சுக்காரர் பெட்ரோலிய எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுத்தாரே, அவர் ஊக்கியாக வைத்தது இதே மாதிரி அமிலம் ஏற்றிய களிமண்தான். பெட்ரோலியத்தையே உடைக்கக்கூடியது, உங்கள் சட்டியில் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் என்று எப்படி நம்புவது? ஈரம் இருந்தால் எண்ணெயிலிருந்து கொழுப்பமிலம் பிரியும். தேங்காய் எண்ணெயில் அப்படிப் பிரிவது பெரும்பாலும் லாரிக் அமிலம். அது சோப்பு வாசம் அடிக்கும், நாக்கில் காறும்.

நான் ஒரு செம்பனை மில்லின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன், தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். 'டோபி' என்று ஓர் அளவு உண்டு. எண்ணெயை ஹெக்ஸேனில் கரைத்து 446 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சுகிறது, 269-ல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து வகுப்போம். முதல் எண் கரோட்டின், அதாவது நல்ல சிவப்பு. இரண்டாவது எண் எண்ணெய் காற்றுபட்டுக் கெட்டதின் அடையாளம். மூன்றுக்கு மேல் வந்தால் ரிஃபைனரிக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டுக்குக் கீழே இறங்கினால் போன் வந்துவிடும். ஏனென்றால் கெட்ட எண்ணெயின் நிறம் மண்ணுக்கு மசியாது, எவ்வளவு கொட்டினாலும் அழுக்குப் பழுப்பில் போய் நின்றுவிடும். பார்வைக்கு ரத்தச் சிவப்பாக இருக்கிற புது எண்ணெய்தான் சுலபமாக வெளுக்கும்! குலை வெட்டி ரெண்டு மூன்று நாள் சாலையோரம் கிடந்து, லோரியில் அடிபட்டு வந்தால் அதைச் சரிசெய்ய மண்ணால் ஆகாது.

உங்கள் கொப்பரைக்கும் இதே கதைதான். கறுப்பு, காயும்போது கருகியதிலிருந்து வருகிறது. அந்த நிறம் கரோட்டின் மாதிரி வளைந்து கொடுக்காது.

மூலிகை_வீடு:

லேப் அக்கா சொன்னதில் ஒரு சந்தேகம். நான் கரிசலாங்கண்ணி, மருதாணி போட்டுக் காய்ச்சுகிற எண்ணெயில் பச்சை நிறம் ரொம்ப ஏறிவிடுகிறது, வாங்குகிறவர்கள் தலையணை உறையில் கறை என்கிறார்கள். இந்த மண்ணைப் போட்டால் பச்சை போகும்தானே?

லேப்_அக்கா:

போகும் தங்கச்சி. பச்சையம் அமில மண்ணில் நன்றாகவே ஒட்டும். பச்சையோடு சேர்ந்து நீங்கள் எதற்காக மூலிகை போட்டீர்களோ அதுவும் ஓரளவு போகும், வாசனையும் மாறும். டர்பன்டைனில் இருக்கும் பைனீன் அமிலக் களிமண் பட்டால் கேம்பீன், லிமோனீன் என்று வேறு பொருள்களாகத் திரும்பிவிடும், தொழிற்சாலையில் வேண்டுமென்றே செய்கிற வேலை அது. வாசனைத் தைலங்கள் இந்த வகை. பச்சை குறைய வேண்டுமானால் இலையைக் குறையுங்கள், காய்ச்சும் நேரத்தைக் குறையுங்கள். அப்புறம் தலை எண்ணெயைப் பேர் போட்டு விற்றால் அது அழகுப் பொருள் கணக்கில் வரும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் அறிவித்திருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷா_ஆலம்_பையன்:

இந்த இழையைப் படித்ததும் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் சட்டப்படி அனுமதித்த மாநிலங்களில் கஞ்சா சாற்றையும் இப்படித்தான் களிமண், சிலிக்கா, கரி எல்லாம் அடுக்கிய குழாயில் விட்டுக் கறுப்பைத் தேன் நிறமாக்குகிறார்கள். வீடியோவில் அட்டகாசமாக இருக்கிறது. அப்படி அடுக்கி வைத்தால் தேங்காய் எண்ணெய்க்கும் ஆகாதா?

இழை_காவல்:

தம்பி, ஒப்பிட்டுப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கஞ்சாச் சாறு எப்படி எடுப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று இங்கே யாரும் எழுதக் கூடாது, எழுதினால் நீக்கப்படும். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டம் இருக்கிறது. 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல்காரன் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். கட்டாய மரண தண்டனையை 2023-ல் எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. மரண தண்டனையையே எடுத்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அது இப்போது நீதிபதியின் முடிவு.

லேப்_அக்கா:

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வீடியோவில் பார்க்க வேண்டியது வேறு. அங்கேயே ரசாயனம் படித்தவர்கள் வைக்கிற குறை என்ன தெரியுமா? பழைய சரக்கு, கெட்ட சரக்கு, பூச்சிமருந்து அடித்த சரக்கு எதுவானாலும் குழாயில் விட்டால் தேன் நிறத்தில் வந்துவிடுகிறது. வாங்குகிறவனுக்கு நிறத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிற வழியே அடைபட்டுப்போகிறது. கரைப்பான் மிச்சம் இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால்தான் தெரியும். போதாததற்கு அமில மண் சாற்றில் இருக்கும் பொருளையே வேறொன்றாக மாற்றக்கூடும், வடித்த பொடியின் தூசும் சரக்கோடு வரக்கூடும்.

நான் கேட்பது இதுதான் செக்கு அண்ணே. உங்கள் எண்ணெய் கறுப்பாக இருப்பதால்தானே கொப்பரை சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்தது? வெளுத்துவிட்டால் உங்களிடம் வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

சுங்கை_பூலோ_வியாபாரி:

அப்படிப் பார்த்தால் கடையில் இரண்டரை வெள்ளிக்கு விற்கிற மானிய பாக்கெட் எண்ணெயும் மண்ணில் வெளுத்ததுதான். அதை நாடே சாப்பிடவில்லையா? சின்ன வியாபாரி செய்தால் மட்டும் தப்பா?

இரவு_ஷிப்ட்:

தப்பு என்று யாரும் சொல்லவில்லை அண்ணே. அங்கே மண்ணுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு தொட்டிக்கும் லேப் ரிப்போர்ட் இருக்கிறது. அதையும் மீறி ரிஃபைனரியில் எத்தனை சிக்கல் வந்தது தெரியுமா? 3-எம்சிபிடி, கிளைசிடைல் எஸ்டர் என்று உடம்புக்கு ஆகாத இரண்டு பொருள். எண்ணெயைக் கடும் சூட்டில் வைக்கும்போது உண்டாகிறவை. 3-எம்சிபிடிக்குக் குளோரின் வேண்டும். பழத்திலிருந்து வரும் குளோரின் போதாதென்று, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய மண்ணும் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கும். ஐரோப்பா 2018-ல் கிளைசிடைலுக்குக் கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்று வரம்பு போட்டது, 2021-ல் செம்பனை எண்ணெயின் 3-எம்சிபிடிக்கு 2500 என்றது. அதற்கப்புறம் மண்ணை மாற்று, சூட்டைக் குறை, கச்சா எண்ணெயைத் தண்ணீரில் கழுவு என்று எங்கள் பாடு பெரும்பாடு. இத்தனை பேர் கண்காணிக்கிற இடத்திலேயே மண் ஒரு கோளாறைக் கொண்டுவரும் என்றால், கேஸ் அடுப்பில் யார் பார்ப்பது?

பழைய_கிராணி:

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவன், ரசாயனம் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நம்ம ஊர் தெனமாராம் தோட்டத்தில் 1917-ல் ஹென்றி ஃபொகொன்னியே செம்பனையை வியாபாரத்துக்கு நட்டதுதான் இந்த நாட்டிலேயே முதல் நடவு. அதற்கப்புறம் பல காலம் கச்சா எண்ணெயாகத்தான் கப்பலேறியது. 1970களில் பதப்படுத்திய எண்ணெய்க்கு ஏற்றுமதி வரியில் அரசாங்கம் சலுகை கொடுத்த பிறகுதான் போர்ட் கிள்ளானிலும் பாசிர் கூடாங்கிலும் ரிஃபைனரிகள் வரிசையாக எழும்பின. மண் மூட்டை லோரி லோரியாக இறங்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

இறங்கின மண் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லையே. கறுப்புச் சேறாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஒரு குவியல் தீ வைக்காமலே புகைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது, புகை நிற்கவில்லை.

இரவு_ஷிப்ட்:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. செக்கு அண்ணே, இதைக் கட்டாயம் படியுங்கள். வடித்த மண்ணில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்கு மேல்கூடத் தங்கிவிடும். அந்த எண்ணெய் மண்ணின் நுண்துளை எல்லாம் பரவிக் கிடப்பதால் காற்று சுலபமாகப் படும், காற்று பட்டால் சூடு பிறக்கும், குவியலாக இருந்தால் சூடு வெளியே போகாது. தீப்பெட்டி தேவையில்லை, தானே பற்றும். தேங்காய் எண்ணெய் மற்றதைவிட மெதுவாகத்தான் காற்றோடு சேரும், அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். வடிகட்டியைத் திறக்கும் முன் நாங்கள் நீராவி விட்டு ஊதுகிறோம். தகட்டைக் குலுக்கியதும் கறுப்புப் பாளம் பாளமாக 'தொப் தொப்' என்று கீழே விழும், கையுறை போட்டிருந்தாலும் சூடு தெரியும். அதைக் கோணிச்சாக்கில் கட்டிச் செக்குக் கொட்டகை மூலையில் போட்டுவிட்டு ராத்திரி தூங்கப் போனீர்கள் என்றால் விடியும்போது கொட்டகை இருக்குமா தெரியாது.

மச்சான்_நான்தான்:

செக்கு வீட்டு மச்சான் எழுதுகிறேன். அந்தப் பையன் ஏற்கெனவே ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டான். மூட்டையில் பெயர் இல்லை, வெள்ளைச் சாக்கு. வெள்ளை பவுடரைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன், கையில் எடுத்தால் எடையே இல்லை, மூச்சு விட்டால் பறக்கிறது. இது என்ன மாவு?

லேப்_அக்கா:

முதலில் மூடி வையுங்கள் அண்ணே, முகக்கவசம் இல்லாமல் திறக்காதீர்கள். அது பெரும்பாலும் டயட்டம் மண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் பெர்லைட் என்ற எரிமலைக் கண்ணாடிப் பொடி. டயட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது, ஏரியிலும் கடலிலும் லட்சக்கணக்கான வருடம் படிந்து மண்ணாகியிருக்கிறது. ஓட்டில் சல்லடை மாதிரி துளைகள் இருப்பதால்தான் எடையும் இல்லை, வடிகட்டவும் உதவுகிறது. வடிகட்டிக்கு விற்பதைச் சூளையில் சுட்டிருப்பார்கள். சுட்டதில் கிறிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்கா உண்டாகியிருக்கும். அதன் நுண்தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், புற்றுநோய்க் காரணிப் பட்டியலிலும் இருக்கிறது. சாப்பாட்டில் போகிற ஆபத்தைவிட மூச்சில் போகிற ஆபத்துதான் இதில் பெரிது.

பெயரில்லாத சாக்கு என்றீர்களே, அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மண் என்றால் எந்த மண்? ஈயம், ஆர்சனிக் எவ்வளவு? 1997-ல் அமெரிக்காவில் கோழிக்கும் மீனுக்கும் போகிற தீவனத்தில் கட்டி பிடிக்காமல் இருக்க ஒரு களிமண் சேர்த்தார்கள். மிசிசிப்பியில் வெட்டிய மண், பார்க்கச் சுத்தம். அதில் டையாக்சின் என்ற நஞ்சு இருந்தது கோழிக் கறியைச் சோதித்தபோதுதான் தெரியவந்தது. உணவுக்கு விற்கிற மண்ணுக்குச் சான்றிதழ் வரும், மூட்டையில் எண் இருக்கும். அது இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெர்ஜுந்தை_செக்கு:

சரி அக்கா, மூட்டையை அவனையே எடுத்துப்போகச் சொல்கிறேன். புகை வாடை எண்ணெய் நாலு டின் நிற்கிறது, அதை என்ன செய்வது? கரி போட்டால் புகை போகும் என்கிறார்களே?

லேப்_அக்கா:

புகையில் காய்ந்த கொப்பரையில் பென்சோபைரீன் மாதிரி புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில பொருள்கள் ஏறிக்கொள்ளும், அடுப்புப் புகையில் இருப்பவைதான். பெரிய ஆலைகளில் தேங்காய் எண்ணெய்க்கு மண்ணோடு செயலூட்டிய கரியும் சேர்ப்பது இதற்காகத்தான். இந்தக் கனமான புகைப் பொருள்களைக் கரி பிடிக்கும், இலகுவானவை பின்னால் நீராவியில் போகும். அடுப்புக் கரியை இடித்துப் போட்டால் அந்த வேலை நடக்காது, எண்ணெயும் கறுக்கும். இருக்கிற டின்களைச் சமையலுக்கும் தலைக்கும் கொடுக்காதீர்கள். விளக்குக்கு என்று எழுதி ஒட்டி, விலை குறைத்துப் போடுங்கள். பூசணம் பூத்த கொப்பரை அதில் கலந்திருந்தால் பிண்ணாக்கை மாட்டுக்கும் போடாதீர்கள், அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருக்கும்.

சுங்கை_பூலோ_வியாபாரி:

விளக்குக்கு என்று எழுதினால் நஷ்டம்தான். நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், சின்ன அளவில் நல்ல மண் கிடைத்தால் தலை எண்ணெய்க்குப் போடலாம். ஆனால் தானே பற்றும் என்பது எனக்கும் புதுச் செய்தி. அந்த ஆளிடம் சொல்லி வைக்கிறேன், அவர் வீட்டுக்குப் பின்னால்தான் கொட்டுகிறார்.

இரவு_ஷிப்ட்:

இன்றைக்கே சொல்லுங்கள் அண்ணே. குவிக்காமல் பரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைக்கச் சொல்லுங்கள். பலகை, துணி, கேஸ் தோம்பு பக்கத்தில் எதுவும் வேண்டாம்.

மச்சான்_நான்தான்:

அடுத்த சரக்கை எப்படிப் பார்த்து வாங்குவது? சபாக் பெர்ணம்காரர் 'நல்லா காஞ்சிருக்கு' என்றுதான் எப்போதும் சொல்கிறார்.

லேப்_அக்கா:

உடைத்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த கொப்பரை படக்கென்று முறியும், ஈரமிருந்தால் வளையும். உடைத்த இடம் வெள்ளையாக இருக்க வேண்டும், நடுவில் ரப்பர் மாதிரி மங்கலாக இருந்தால் உள்ளே காயவில்லை. ஈரப்பதம் ஆறு சதவீதத்துக்குள் இருந்தால் பூசணம் பிடிக்காது. வீட்டிலேயே பார்க்கலாம். நூறு கிராம் எடுத்துப் பொடியாக வெட்டி, நூற்று ஐந்து டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை வைத்து, திரும்ப நிறுத்துப் பாருங்கள். 94 கிராமுக்குக் கீழே வந்தால் லோரியிலிருந்து இறக்காதீர்கள். பளபள மஞ்சளும் வேண்டாம், கந்தகப் புகை போட்டிருப்பார்கள், மூக்கில் வைத்தாலே தெரியும்.

மச்சான்_நான்தான்:

ஓவன் இல்லை, ரொட்டி சுடுகிற சின்ன அடுப்பு இருக்கிறது. சூட்டு எண் போட்டிருக்கிறது. அது ஆகுமா?

லேப்_அக்கா:

ஆகும். அந்த எண்ணை நம்பாமல் பத்து வெள்ளிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வையுங்கள்.